சுவரடிப் புல்

ஜூன் பிறந்துவிட்டால் எங்கள் கிராமத்தில் எந்தப் பேச்சும் கடைசியில் புல்லில் போய்த்தான் நிற்கும். தெருவோரத்துப் புல், கல்லறைத் தோட்டத்தில் கற்களுக்கு நடுவே முளைத்த புல், தேவாலயச் சுவரடியில் முழங்கால் உயரம் நிற்கிற புல். இருநூறு பேர்கூட இல்லாத ஊர் இது. பிரான்சின் தென்மேற்கில், லோத் மாவட்டத்துச் சுண்ணாம்புக்கல் மேட்டு நிலத்தில் இருக்கிறது. துலூஸில் வேலை கிடைத்து வந்த குடும்பம் நாங்கள். வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று ஆனபிறகு இங்கே குடிவந்தோம். வந்த புதிதில் இந்தப் புல் விவகாரம் எனக்கு விளங்கவே இல்லை. ஒரு தரப்பு, ஊர் பாழாகிவிட்டது என்று கொதிக்கிறது. இன்னொரு தரப்பு, பூச்சிக்கும் பறவைக்கும் கொஞ்சம் இடம் விட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கிறது. இரண்டு தரப்பும் வாரத்தில் சில நாள் வருகிற ஒரே ரொட்டி வண்டிக்கு முன்னால் வரிசையில் நிற்கிறவர்கள்தான். எங்கள் வீட்டுக்கு நாய் வந்தபிறகு இந்தச் சண்டையில் எனக்கும் ஒரு பங்கு வந்துவிட்டது. புல்லை விட்டுவைப்பதா, நாய்க்காக வெட்டுவதா என்பதுதான் போன வருடம் முழுக்க என்னை நிம்மதியாக இருக்கவிடாத கேள்வி.

நாயின் பெயர் ஒலீவ். பிரிட்டனி ஸ்பானியல் கலப்பு. தொங்கும் காது, காலுக்குப் பின்னால் குஞ்சம் குஞ்சமாக முடி. பெயரைச் சொன்னதுமே ஊர்க்காரர்கள், "அப்படியென்றால் 2018இல் பிறந்தவள்" என்று வயதைச் சொல்லிவிடுவார்கள். பிரான்சில் வம்சாவளிப் பதிவு உள்ள நாய்களுக்கு, பிறந்த ஆண்டுக்குரிய எழுத்தில் பெயர் தொடங்க வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது. 2018க்கு ஓ, 2019க்கு பி, 2024க்கு வி, அப்புறம் 2025இல் மறுபடி ஏ. பதிவே இல்லாத நாய்களுக்கும் பலர் அதையே பின்பற்றுகிறார்கள்.

கோடையில் ஒலீவை வெளியே கூட்டிப்போக ஒரே நேரம் விடியற்காலைதான். ஜூன் கடைசியில் இங்கே சூரியன் ஆறேகால் வாக்கில் எழுகிறது. எட்டரைக்குள் திரும்பிவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பார்த்தால் ஐந்து விநாடி தாங்காது. கை தாங்காத இடத்தில் பாதம் மட்டும் எப்படித் தாங்கும்? மனிதர்களும் அப்படித்தான் வாழ்கிறார்கள். 2003 ஆகஸ்டில் அடித்த வெப்ப அலையில் பிரான்சில் சுமார் 15 ஆயிரம் பேர் இறந்தார்கள், பெரும்பாலும் தனியாக இருந்த முதியவர்கள். அதன் பிறகு ஒவ்வொரு ஊர் மன்றத்திலும் தனியாக வாழும் முதியவர்களின் பட்டியல் ஒன்று உண்டு. வெயில் எச்சரிக்கை வந்தால் அவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். பக்கத்து வீட்டு மதாம் அந்தப் பட்டியலில் இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். விடிந்ததும் மரக்கதவு போட்ட ஜன்னல்களை எல்லாம் திறந்து குளிர்ந்த காற்றை உள்ளே விடுவார், ஒன்பது மணிக்கு அடைத்துவிடுவார். நாயோடு கிளம்பும்போது அவர் ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் தெரு முனையைத் தாண்டுவேன்.

எங்கள் நடை தேவாலயத்தின் முன்னால் தொடங்கும். மணி ஆறு முறை அடிக்கும். வயலில் இருக்கிறவனுக்குக் கேட்காமல் போயிருக்குமோ என்பதுபோலச் சற்று நேரத்தில் மறுபடி ஆறு முறை அடிக்கும். கூரை இடுக்குகளிலிருந்து உழவாரக்குருவிகள் கீச்சிட்டுக்கொண்டு தெருவுக்குள் தாழப் பறக்கும். பக்கத்திலேயே முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கான நினைவுத்தூண். இவ்வளவு சின்ன ஊரில் அத்தனை பெயர்களா என்று முதல்முறை பார்க்கிறவர்கள் நின்றுவிடுவார்கள். அந்தக் கல்லில் இருக்கிற குடும்பப் பெயர்கள் இன்றும் தபால் பெட்டிகளில் இருக்கின்றன. அதைத் தாண்டினால் பழைய துணி துவைக்கும் தொட்டி, ஊற்றுத் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். ஒலீவ் அங்கே குடிப்பாள். பிறகு சாந்து இல்லாமல் அடுக்கிய கல் சுவர்களுக்கு நடுவே ஒற்றை வழி. ஸ்பெயினின் சந்தியாகோ நோக்கி நடக்கிற யாத்திரிகர்களின் பாதையும் இதுவே, ஜி.ஆர். 65 என்ற நெடுநடைப் பாதை. கல்லிலும் மரத்திலும் சிவப்பு வெள்ளைக் கோடு போட்டிருக்கும். அவர்களும் வெயிலுக்கு முன் நடந்துவிட வேண்டியவர்கள் என்பதால் அந்த நேரத்தில் எதிரில் வருவார்கள். முதலில் நாய்க்கு வணக்கம், பிறகு எனக்கு.

இந்த வழியில் எனக்குப் பிடித்த இடம், மண்ணுக்கடியில் விளைகிற ட்ரஃபிள் காளானுக்காக நட்ட ஓக் தோப்பு. ட்ரஃபிள் பிடித்த மரத்தைச் சுற்றிப் புல் முளைக்காது. தீயில் கருகியது போல ஒரு வட்டம் விழுந்திருக்கும். அதைப் பார்த்துத்தான் தோப்புக்காரர் மனம் குளிர்வார். புல் இல்லாத மண்ணைப் பார்த்து மகிழ்கிற ஊர் இது என்பது, புல்லைக் கண்டால் கொதிக்கிற மதாமின் கோபத்தைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்சம் உதவியது. தோப்புக்கு அப்பால் மேய்ச்சல் நிலம். கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம் போட்ட இந்த வட்டாரத்து வெள்ளை நிறச் செம்மறிகள் நிழலில் கிடக்கும். மாங்குயில் ஒன்று எப்போதும் ஓக் உச்சியிலிருந்து விசிலடிக்கும், பார்க்கக் கிடைப்பது அபூர்வம். கொண்டலாத்தியின் குரலும் கேட்கும்.

மதாமின் பக்கம்

மதாம் சொல்வதை லேசாக ஒதுக்க முடியாது. அவர் தாத்தாவின் பெயர் அந்த நினைவுத்தூணில் இருக்கிறது. இரண்டு உலகப் போர்களின் முடிவை நினைவுகூரும் மே 8, நவம்பர் 11 இரண்டு நாளும் மேயர் மலர் வளையம் வைக்கும்போது மதாம் முதல் வரிசையில் நிற்பார். "என் தாத்தாவின் காலடியில் களை முளைத்திருக்கிறது. இதை அழகு என்று சொல்லச் சொல்கிறார்களா?" என்று ஒருநாள் கேட்டார். கல்லறைத் தோட்டத்தில் கணவரின் கல்லைத் தானே குனிந்து சுத்தம் செய்கிறார். அந்த வயதில் அது எவ்வளவு கஷ்டம் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

முன்பெல்லாம் இப்படி இல்லை என்பது உண்மை. ஊர் மன்றத்தின் பணியாளர் ஒருவர் இருக்கிறார். சாலை, கல்லறை, தண்ணீர்க் குழாய் எல்லாம் அவர் பொறுப்பு, ஊரில் கந்தொன்னியே என்பார்கள். அவர் முதுகில் தொட்டியைக் கட்டிக்கொண்டு களைக்கொல்லி அடித்துவிட்டுப் போவார், தெரு மொட்டையாகச் சுத்தமாக இருக்கும். செனட்டர் ஜோயல் லபே கொண்டுவந்த சட்டம் 2014இல் நிறைவேறியது. 2017 ஜனவரி 1 முதல் பொதுப் பூங்காக்களிலும் சாலைகளிலும் அரசு அமைப்புகள் ரசாயனக் களைக்கொல்லி பயன்படுத்தக் கூடாது என்றானது. 2019 முதல் வீட்டுத் தோட்டக்காரர்களுக்கும் அதே தடை. 2022 ஜூலையில் கல்லறைகளும் சேர்ந்துகொண்டன. சட்டம் வந்தது, ஆள் கூடவில்லை. தொட்டியோடு ஒரு காலையில் முடிந்த வேலையை இப்போது அதே ஒரு மனிதர் மண்வெட்டியும் புல்வெட்டி இயந்திரமும் வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் செய்கிறார். இதை மதாம் சோம்பல் என்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் அவர் வருத்தத்தில் பொய் எதுவும் இல்லை.

காதுக்குள் போனது

போன ஜூனில் ஒரு காலை, நடை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் ஒலீவ் தலையை உதறத் தொடங்கினாள். நிறுத்தவே இல்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு சுவரோடு காதைத் தேய்த்தாள், தொட்டால் கத்தினாள். பக்கத்துச் சிறுநகரத்தில் இருக்கிற கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "புல் ஓரமாக நடந்தீர்களா?" காதுக்குள் விளக்கு வைத்துப் பார்த்தார், மயக்க ஊசி போட்டு நீண்ட இடுக்கியால் ஒன்றை வெளியே எடுத்தார். ஒரு புல்லின் காய்ந்த கதிர்த்துணுக்கு. முன்பக்கம் கூர்மை, பின்பக்கம் நீண்ட முடி, உடல் முழுக்க ஒரே திசையில் சாய்ந்த நுண்ணிய முள். நம் ஊர்க் கரட்டில் நடந்தால் வேட்டி முழுக்க ஏறிவிடும் ஊசிப்புல்லைப் போன்றதுதான், ஆனால் இது துணியோடு நிற்பதில்லை. முன்னால் மட்டும் நகரும், பின்னால் வராது. காதில் போனால் செவிப்பறை வரை போகும். விரலிடுக்கில் நுழைந்தால் தோலைத் துளைத்து உள்ளே நடந்துகொண்டே இருக்கும். மூக்கு வழியாக நுரையீரலுக்குப் போய்ச் சேர்வதும் உண்டு. மே முதல் செப்டம்பர் வரை பிரான்சில் எந்தக் கால்நடை மருத்துவரைக் கேட்டாலும் இந்தத் துணுக்குக்கு எப்பியே என்ற பெயரைச் சொல்வார். மயக்கம் தெளிந்து ஒலீவ் என் காலைத் தேடி வந்து படுத்தபோது எனக்கு வந்த கோபம் முழுக்கப் புல்லின் மேல்தான்.

செய்தி அன்றே ஊரில் பரவியது. சில நாட்களில், மேயருக்கு எழுதிய ஒரு கடிதத்தோடு மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். சாலையோரம், பாதையோரம் எல்லாப் புல்லையும் ஜூலைக்குள் தரையோடு தரையாக வெட்ட வேண்டும். தேவைப்பட்டால் வெளி நிறுவனத்தை அமர்த்த வேண்டும். காரணங்களில் நாய்களின் பாதுகாப்பும் ஒன்றாக இருந்தது. என் கையெழுத்துதான் அவர்களுக்கு முக்கியம். நாய் அடிபட்ட வீடு அல்லவா? யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். அது அங்கேயே கிடந்தது.

யோசிக்க எனக்கு நியாயம் இருந்தது. இந்த ஊர் வழியில் காலையில் நான் பார்க்கிற பாதி உயிர்கள் அந்த உயரப் புல்லில்தான் இருக்கின்றன. கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டம் போட்ட ஒரு பட்டாம்பூச்சி ஜூன் ஜூலையில் இங்கே கூட்டமாகப் பறக்கும். அதன் பெண் பூச்சி இலை தேடி முட்டை ஒட்டுவதில்லை, புல்லுக்கு மேல் பறந்தபடியே உதிர்த்துவிட்டுப் போகும். புழு குளிர்காலம் முழுவதையும் புல்லடியிலேயே கழித்துவிட்டு, வசந்தத்தில் புல்லைத் தின்னும். ஜூலையில் தரையோடு வெட்டினால் அந்த ஓரத்தில் அடுத்த வருடம் அது இருக்காது. மாவட்டச் சாலைத் துறை வசந்தத்தில் வண்டியோட்டிகளின் பார்வைக்காக புல்வெட்டியின் ஓர் அகலம் மட்டும் வெட்டிவிட்டு, மீதியைக் கோடை கழியும்வரை விட்டுவைப்பதற்குக் காரணம் இதுதான். பட்டாம்பூச்சிக்காக என் நாய் வலியில் கத்த வேண்டுமா என்று ஒரு மனம் கேட்டது. நாய்க்காக ஒரு சாலையோரம் முழுவதையும் மொட்டையடிப்பதா என்று இன்னொரு மனம் கேட்டது. நடக்கும்போதெல்லாம் இதேதான்.

பேருந்து நிழற்குடை அருகே

ஒரு காலை ஏழு மணி இருக்கும். கந்தொன்னியே பள்ளிப் பேருந்து நிழற்குடைப் பக்கம் புல்வெட்டி ஓட்டிக்கொண்டிருந்தார். வெயிலுக்கு முன் முடிக்க வேண்டும் என்று கோடையில் சீக்கிரமே தொடங்கிவிடுவார். எங்களைப் பார்த்ததும் இயந்திரத்தை அணைத்தார். ஒலீவின் காதைத் தூக்கிப் பார்த்தார், "ஆறிவிட்டது" என்றார். நான் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு முன்னமே தெரிந்திருந்தது.

"வாருங்கள், உங்கள் நாயின் காதில் போனது எங்கே வளர்கிறது என்று காட்டுகிறேன்" என்றார். நான் உயரப் புல் பக்கம் நடக்கப் போனேன். அவர் என்னை நிழற்குடையின் பின்சுவருக்குக் கூட்டிப்போனார். சுவருக்கும் தாருக்கும் நடுவே ஒரு சாண் அகல மண். அதில் கணுக்கால் உயரத்தில், வைக்கோல் நிறத்தில், தூரிகை தூரிகையாகக் கதிர். ஒரு கதிரை உருவினார், விரலில் நொறுங்கிச் சிதறியது, மருத்துவர் காட்டிய அதே துணுக்குகள். பார்லியின் காட்டு உறவு. எலி பார்லி என்பது இதன் பிரெஞ்சுப் பெயர். பிறகு குப்பைத் தொட்டிகள் நிற்கிற மூலை. அங்கேயும் இருந்தது. தேவாலயச் சுவரடி, நினைவுத்தூணின் படிக்கட்டு ஓரம், விளக்குக் கம்பத்தின் அடி. எல்லா இடத்திலும் அதே புல். கடைசியாக ஊருக்கு வெளியே, இடுப்புயரம் அடர்ந்து நிற்கிற சாலையோரப் புல்லுக்குள் கையை விட்டு விரித்துக் காட்டினார். அடியில் வருடக்கணக்காக வேரூன்றிய புல் தூர்கள், காட்டு கேரட், ஊதாப் பூக்கள். எலி பார்லி ஒன்றுகூட இல்லை.

"இது ஒரு வருடப் புல். இலையுதிர் காலத்தில் முளைக்க அதற்குக் காலி மண் வேண்டும். இந்த அடர்த்திக்குள் அதற்கு ஏது இடம்? நீங்கள் தரையோடு மொட்டையடித்தால் அதற்கு நீங்களே இடம் போட்டுக் கொடுக்கிறீர்கள்" என்றார். அப்புறம் ஒலீவைப் பார்த்தார். "சுவரடியில் இவளும் மற்றவர்களும் காலைத் தூக்கிவிட்டுப் போகிறார்கள் அல்லவா? அந்த உரம் அதற்கு ரொம்பப் பிடிக்கும்."

சரி, அப்படியென்றால் சுவரடியை மட்டும் வெட்டலாமே என்று கேட்டேன். ஜூன் கடைசியில் வெட்டக் கூடாது என்றார். காய்ந்த கதிரில் இயந்திரம் பட்டால் துணுக்குகள் தெரு முழுக்கத் தெறிக்கும், அடுத்த மழை வரை ஒவ்வொரு நாயும் அதன் மேல்தான் நடக்கும். மே மாதத்தில், கதிர் பச்சையாக மெத்தென்று இருக்கும்போது, கையால் பிடுங்கினால் வேரோடு வந்துவிடும். "எனக்கு அது தெரியும். ஆனால் மே மாதத்தில் எனக்கு இரண்டு கைதான்."

களைக்கொல்லியைத் திரும்பக் கொண்டுவந்தால் உங்கள் வேலை மிச்சமாகுமே என்று அவரைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. இது மதாமின் கேள்வி. அவருக்காகவும்தான் கேட்டேன். அவர் துணி துவைக்கும் தொட்டியின் பக்கம் கையைக் காட்டினார். இந்த மேட்டு நிலம் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை, உள்ளே எல்லாம் வெடிப்பும் குகையும். மேலே கொட்டுவதை மண் வடிகட்டுவதற்கு நேரமே கிடையாது. மழை பெய்தால் வெடிப்பு வழியாக நேராக ஊற்றுக்குப் போய்விடும். "நான் தேவாலயத்தடியில் அடித்ததை உங்கள் நாய் அங்கே குடித்திருக்கும். நானும் குடித்திருக்கிறேன். அந்தத் தொட்டியை மறுபடி முதுகில் கட்டச் சொன்னால் வேலையை விட்டுவிடுவேன்." இதைச் சொல்லும்போது அவர் குரல் உயரவில்லை. இயந்திரத்தை எடுத்துக்கொண்டு நிழற்குடைக்குத் திரும்பிவிட்டார்.

அதுவரை புல்லா, நாயா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. அந்த அரை மணி நேரத்தில் அந்தக் கணக்கே மாறிப்போனது. ஒலீவைக் குத்தியது காட்டுப் பக்கத்துப் புல் இல்லை, நாம் மிதித்து, சுரண்டி, காலி செய்து வைத்த இடத்தில் வந்து குடியேறிய புல். எல்லா உயரப் புல்லும் சாது என்று சொல்ல வரவில்லை. வயல் வரப்பில் வளரும் காட்டு ஓட்ஸும் புரோம் என்ற புல்லின் சில வகைகளும் நாய்க்கு ஆகாதவைதான். ஆனால் சாலையோரத்தை முழுக்க மழித்துவிட்டால் நாய்கள் தப்பிக்கும் என்பது நடக்காத காரியம். அடுத்த வருடம் இன்னும் மோசமாகும்.

கடிதத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று மூன்று பேரையும் அந்த நிழற்குடைச் சுவருக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன். ஒருவர் கேட்டுக்கொண்டார், ஒருவர் கோபித்துக்கொண்டார், இன்னொருவர் தன் நாயின் பாதத்தை அங்கேயே தூக்கிப் பார்த்தார். என் பங்குக்கு நடையை மாற்றிக்கொண்டேன். ஜூன் நடுவிலிருந்து ஊருக்குள் இருக்கும்வரை ஒலீவ் வாரில், தெருவின் நடுவில்தான் நடக்கிறாள். சுவரடியை மோப்பம் பிடிக்க விடுவதில்லை. எப்படியும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 30 வரை காட்டில் பாதையை விட்டு விலகினால் நாய் வாரில் இருக்க வேண்டும் என்று 1955இலிருந்தே ஆணை இருக்கிறது, பறவைகளும் விலங்குகளும் குஞ்சும் குட்டியுமாக இருக்கும் காலம் அது. விரலிடுக்கு முடியையும் காதின் உள்முடியையும் மே மாதத்திலேயே கத்தரித்துவிடுகிறோம். வீடு திரும்பியதும் காது, அக்குள், விரலிடுக்கு என்று சீப்பால் வாரிப் பார்ப்பது காபிக்கு முந்தைய வேலை. நாய் வைத்திருக்கிறவர்கள் இதைத் தயவுசெய்து செய்யுங்கள். திடீரென்று அடுக்கடுக்காகத் தும்மினாலோ, ஒரே பாதத்தை நக்கிக்கொண்டே இருந்தாலோ மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

மதாமிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஊற்றைப் பற்றிச் சொன்னபோது மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், சின்ன வயதில் அந்தத் தொட்டியில் அம்மாவோடு துணி அலசியவர் அவர். பிறகும் ஒப்புக்கொள்ளவில்லை. சுத்தமான தெருவைப் பார்த்து வளர்ந்தவள் நான், இது எனக்குச் சுத்தமில்லை என்றார். வருகிற மே மாதம் சனிக்கிழமைக் காலைகளில் நடை முடிந்ததும் நாங்கள் நாலைந்து பேர் சுவரடிகளைக் கையால் பிடுங்கப் போகிறோம், கந்தொன்னியே எந்தெந்த இடம் என்று காட்டுவார், உங்கள் வீட்டுச் சுவரையும் சேர்த்துக்கொள்கிறேன் என்றேன். "என் சுவர் இருக்கட்டும்" என்றார். "நினைவுத்தூணில் தொடங்குங்கள். நாற்காலி போட்டுக்கொண்டு நானும் வருகிறேன். எதை விட்டுவிட்டீர்கள் என்று சொல்ல ஒருத்தி வேண்டுமே."